தண்ணி குடிச்சீகளா அய்யா? – ஒரு கதிர்வீச்சுச் சோதனையின் திரைமறைவு

பல கோடி ரூபாய் இயந்திரம் தயார். காலையிலேயே இயற்பியலாளர் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திரையில் சிகிச்சைத் திட்டம் ஏறிவிட்டது. டெக்னீசியன்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் என்ன தாமதம் என்கிறீர்களா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மூத்திரப் பை இன்னும் நிறையவில்லை. அவ்வளவுதான் விஷயம்!

“தண்ணி குடிச்சீகளா அய்யா?”

“ரெண்டு சொம்பு குடிச்சாச்சு தம்பி. இன்னும் ஒண்ணையும் காணோம்.”

“கொஞ்ச நேரம் இருங்க. முட்டுச்சுன்னா சொல்லுங்க. போயிட்டு மட்டும் வந்துராதீக!”

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் இந்த உரையாடல் ஏதோ ஒரு மொழியில் கேட்கும். காரணம், அந்தச் சுரப்பி குடியிருக்கும் இடம். மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நட்டநடுவே ஊடுருவிப் போகிற சிறுநீர்க் குழாய். ஆரோக்கியமாக இருக்கும்போது சுமார் இருபது கிராம்தான் அதன் எடை. ஆனால் அக்கம்பக்கம் முழுக்க, தொட்டால் கோபித்துக்கொள்ளும் உறுப்புகள். பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் கதிரின் பாதையைவிட்டு மேலே விலகிக்கொள்ளும். மலக்குடல் காலியாக இருந்தால் சுரப்பி இடம் மாறாமல் இருக்கும். அங்கே கொஞ்சம் வாயு சேர்ந்துவிட்டதா, போச்சு! சுரப்பி சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளப்படும். ஆக, நேற்று ராத்திரி ஆசையாகச் சாப்பிட்ட மொச்சைக்கொட்டைக் குழம்பு, இன்று காலை ஒரு நவீன இயந்திரத்தின் குறியைக் கெடுக்கப் பார்க்கும். டாக்டர் சாப்பாட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது வேறெதற்காக?

நம் பக்கத்தில் இந்த வைத்தியத்தைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அந்தக் கரண்டை எவ்வளவு, எங்கே, எத்தனை தடவை வைப்பது என்று முடிவு செய்வது யார்? டாக்டரின் அனுபவமா, இயந்திரம் விற்பவரின் விளம்பரமா? இரண்டும் இல்லை. அதற்கென்று நடத்தப்படும் மருத்துவச் சோதனைகள்தான் முடிவு செய்கின்றன. அதில் ஒரு முக்கியமான சோதனை வெள்ளைக்காரன் ஊரில் நடக்கவில்லை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. அதன் மேடைக்குப் பின்னால்தான் இப்போது நுழையப் போகிறோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

கதவைத் தாண்டினால் வளைந்த நடை

கதிர் அறைக்குள் நேராக நுழைய முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு வளைந்த நடை வழி இருக்கும். கதிர் சுவரில் பட்டுச் சிதறி வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான் அந்த வளைவு. சுவரோ, கதிர் நேராகப் பாயும் பக்கத்தில் இரண்டு மீட்டருக்கும் மேல் தடித்த கான்கிரீட். கடைசியாக வெளியே வருபவர் ஒரு பட்டனை அழுத்தி, உள்ளே நோயாளியைத் தவிர யாரும் இல்லை என்று சொன்னால்தான் இயந்திரம் ஒத்துழைக்கும். இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

உள்ளே நிற்பதன் பெயர் லீனியர் ஆக்சிலரேட்டர். எலக்ட்ரான்களை நுண்ணலையால் விரட்டி விரட்டி வேகமேற்றி, டங்ஸ்டன் உலோகத்தில் கொண்டுபோய் மோதவிடும். மோதிய இடத்தில் சக்திவாய்ந்த எக்ஸ் கதிர் பிறக்கும். இயந்திரத்தின் தலைக்குள்ளே எட்டிப் பார்த்தால்தான் உண்மையான வேடிக்கை. பரவலாகப் பயன்படும் மாதிரிகளில் 120 டங்ஸ்டன் தகடுகள் எதிரெதிராக அறுபது ஜோடியாக நிற்கும். நடுவில் இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் நோயாளியின் உடலில் அரை சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும் அளவு. இயந்திரம் நோயாளியைச் சுற்றிச் சுழலச் சுழல, தகடுகள் தனித்தனியே நகர்ந்து, எந்தக் கோணத்தில் சுரப்பி எப்படித் தெரிகிறதோ அந்த உருவத்திலேயே கதிருக்கு வழிவிடும். மிச்ச இடத்தை அடைத்துக்கொள்ளும். கதிர் பாய்வது சில நிமிடம்தான். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சூடு இல்லை, வலி இல்லை, லேசான இரைச்சல் மட்டும் கேட்கும்.

“முடிஞ்சுருச்சா? நான் இன்னும் ஆரம்பிக்கலைன்னுல்ல நெனச்சேன்!” – முதல் நாள் எழுந்து உட்காருகிறவர்கள் சொல்கிற வசனம் இதுதான்.

அந்தச் சில நிமிடத்துக்காக நடந்திருக்கும் ஆயத்தத்தைக் கேட்டால் தலை சுற்றும். முதலில் சி.டி. ஸ்கேன், அதுவும் பை நிறைந்த நிலையில். தோலில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை குத்திய புள்ளி, தினமும் அதே நிலையில் படுக்க வைப்பதற்காக. சில இடங்களில் சுரப்பிக்குள்ளேயே குட்டித் தங்க மணிகளை ஊசி வழியாகப் பதித்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் அடையாளம் அது. தங்கம் என்றதும் கண் விரிய வேண்டாம், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம்தான். அடகு வைக்கவும் தேறாது! பிறகு ஒவ்வொரு நாளும் கதிர் பாய்ச்சும் முன் படுக்கையிலேயே ஒரு குட்டி ஸ்கேன். இன்றைய படத்தையும் திட்டப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, படுக்கையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். பை பாதிதான் நிறைந்திருக்கிறது என்று திரையில் தெரிந்தால் பெரியவர் மறுபடியும் பெஞ்சுக்கு. மறுபடியும் ஒரு சொம்பு.

வீதிக்குள் வீதி

இப்போது திட்டம் போடும் அறைக்கு வாருங்கள். இருட்டில் இரண்டு பெரிய திரைகள். டாக்டர் ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் கோடு வரைந்துகொண்டிருக்கிறார். சுரப்பிக்கு ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து அதற்கு வெளியே ஒரு கோடு. சுரப்பி அசைந்தாலும் குறி தப்பாமலிருக்க இன்னும் கொஞ்சம் தள்ளி மற்றொரு கோடு. மதுரைக்காரர் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்: சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி! நடுவில் இருப்பதை ஒப்பிடவில்லை சாமி, ஊரின் வரைபடத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

இந்த வரைபடத்தில்தான் உலகத்து டாக்டர்கள் பல்லாண்டுகளாகச் சண்டை போட்டார்கள். நோய் சுரப்பிக்குள் இருக்கிறது, ஆனால் முரட்டுத்தனமானது. பக்கத்து இடுப்பு நிணநீர் முடிச்சுகளில் ஸ்கேனுக்குக்கூடத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம். கதிரை உள் வீதியோடு நிறுத்துவதா, வெளி வீதிவரை கொண்டுபோவதா? வெளியே போனால் ஒளிந்திருக்கும் நோய் சாகலாம். கூடவே குடலும் பையும் சூடுபடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, தெளிவான ஆதாரம்தான் இல்லை.

டாட்டா நினைவு மருத்துவமனையில் வேதாங் மூர்த்தி தலைமையிலான குழு 2011 நவம்பரில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. சோதனையின் பெயர் பாப்-ஆர்டி. நிணநீர் முடிச்சுகளில் நோய் இருப்பதாகத் தெரியாத, ஆனால் அங்கே ஒளிந்திருக்கும் வாய்ப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று கணக்கிடப்பட்ட ஆண்களைச் சேர்த்தார்கள். 2017 ஆகஸ்ட்வரை மொத்தம் 224 பேர். ஒரு பாதிக்குச் சுரப்பியில் மட்டும் 68 கிரே, 25 தவணையில். மறு பாதிக்கு அதே 68 கிரேயோடு, அதே 25 தவணையில் இடுப்பு நிணநீர் முடிச்சுகளுக்கும் 50 கிரே. கிரே என்பது கதிரின் அளவு. எல்லோருக்கும் குறைந்தது இரண்டு வருடம் ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சையும் உண்டு.

சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார்கள் என்பது அந்தச் சோதனையின் தனிக் கெத்து. புராஸ்டேட் புற்றணுவின் மேல் தோலில் நிறைய இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி ஊசி போடுவார்கள். அதன் அரை ஆயுள் 68 நிமிடம். டீக்கடையில் நின்று அரட்டையடித்துத் திரும்புவதற்குள் பாதி காணாமல் போய்விடும். ஆகவே அந்தத் துறையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடப்பார்கள்.

யாருக்கு எது? டாக்டருக்கே தெரியாது!

மேடைக்குப் பின்னாலேயே எனக்குப் பிடித்த காட்சி இதுதான். நோயாளி ஒப்புக்கொண்டுவிட்டார். இவருக்கு உள் வீதியா, வெளி வீதியா? டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது. நோயாளி கேட்டு வாங்க முடியாது. மாமா எம்.எல்.ஏ. என்றாலும் சிபாரிசு நடக்காது. கணினி, குலுக்கல் முறையில் ஒன்றைச் சொல்லும். சொன்னது சொன்னதுதான்.

ஏன் இந்த வம்பு? டாக்டர் கையில் விட்டால், திடகாத்திரமானவர்களுக்குப் பெரிய கதிர், தளர்ந்தவர்களுக்குச் சிறிய கதிர் என்று அவர் மனசு தானாகவே பிரித்துவிடும். கடைசியில் ஜெயித்தது கதிரா, திடகாத்திரமா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரத்தத்தில், புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு எவ்வளவு, நோயின் முரட்டுத்தனம் எவ்வளவு, ஹார்மோனை அடக்கியது எந்த வழியில் என்பவற்றையெல்லாம் முதலில் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக விழும்படி கட்டமைத்துத்தான் குலுக்குவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கூட்டம் நடந்திருக்கும். நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி அதில் ஏழு பேராவது இருக்க வேண்டும். தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். டாக்டர்களோடு ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சமூக அறிவியலாளர், மருத்துவமே படிக்காத ஒரு சாதாரண ஆள். இந்தக் கடைசி ஆள்தான் என் ஹீரோ. மற்றவர்கள் புள்ளிவிவரத்தைப் பற்றிக் கொட்டி முழக்கிக்கொண்டிருக்கையில் அவர் தொண்டையைக் கனைத்து, “இந்த ஒப்புதல் தாள்ல மூணாவது பத்தி எனக்கே புரியலையே, வயக்காட்டுல இருந்து வர்ற ஆளுக்கு எப்படிப் புரியும்?” என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாற்காலி. படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனையோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில், அவருடைய மொழியிலேயே வாசித்துச் சொல்லித்தான் கைநாட்டு வாங்க வேண்டும்.

ஆறு வருடம் துரத்திய போன்

கதிர் கொடுத்து முடித்துவிட்டால் சோதனை முடிந்ததா? அங்கேதான் தொடங்குகிறது! புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் நிதானமாகத் திரும்புகிற ஜாதி. வருடக்கணக்கில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அது எவ்வளவு கீழே இறங்கியதோ, அந்த அடிமட்டத்திலிருந்து மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் ஏறினால் ‘தோல்வி’ என்று குறிப்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. இந்த இரண்டுக்காகத்தான் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர்கள் ராப்பகலாகப் போன் அடிப்பார்கள். நோயாளியின் நம்பர் மாறியிருக்கும். மகன் நம்பர் அணைந்திருக்கும். கடைசியில் மருமகள் எடுப்பார்.

“மாமாவா? அவுக தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்காகளே. நல்லாத்தான் இருக்காக.”

“சந்தோஷம்க்கா. ரத்த டெஸ்ட் எடுத்தாங்களா?”

“அதான் நல்லா இருக்காகன்னு சொன்னேனே!”

நன்றாக இருக்கிறார் என்பது குடும்பத்துக்குப் போதும். சோதனைக்கு எண் வேண்டும். பாப்-ஆர்டி குழு, பாதிப் பேரையாவது 68 மாதத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த பிறகுதான் முடிவை வெளியிட்டது. 2021இல் அது உலகின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தபோது பல நாட்டு மாநாடுகளிலும் பேச்சாகிப் போனது. ஐந்து ஆண்டு முடிவில், பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் சுரப்பிக்கு மட்டும் கதிர் பெற்ற பிரிவில் 81.2 சதவீதம். இடுப்பு முழுவதும் பெற்ற பிரிவில் 95 சதவீதம்! நோய் எந்த வடிவிலும் தலைகாட்டாமல் இருந்தவர்கள் 77.2க்கு 89.5.

விசில் அடிப்பதற்கு முன் இரண்டு விஷயம். உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையில் அந்த ஐந்தாண்டில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேலும், வெளி வீதிவரை போனதற்கு விலை இருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு தொடர்ந்த சிறுநீர்த் தொந்தரவுகளில் மிதமானவையும் அதற்கு மேற்பட்டவையும் அந்தப் பிரிவில் இரு மடங்குக்கும் அதிகம். நல்ல சோதனை இதைத்தான் செய்யும், லாபத்தையும் விலையையும் ஒரே தாளில் எழுதி வைக்கும்.

இருபத்தைந்து பஸ்ஸா, ஐந்து பஸ்ஸா?

அடுத்த கேள்வி மதுரைச் சீமைக்கு இன்னும் நெருக்கமானது. பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. மேலூர் சாலையில் மீனாட்சி மிஷன் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு உசிலம்பட்டி என்றால் ஆரப்பாளையத்தில் இறங்க வேண்டும், மேலூர் என்றால் மாட்டுத்தாவணி. இருபத்தைந்து தவணை என்றால் சனி, ஞாயிறு நீங்கலாக ஐந்து வாரம், தினமும் பஸ். கூட ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேலை போச்சு, கூலி போச்சு. நிறைந்த பையோடு குண்டும் குழியுமான ரோட்டில் வருவதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகே தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள்.

இருபத்தைந்தை ஐந்தாக்க முடியுமா? டாட்டா நினைவு மருத்துவமனையின் பிரைம் சோதனை கேட்பது இதைத்தான். 434 பேரைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு ஐந்து வாரத்தில் 25 தவணை. மறு பிரிவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஐந்தே தவணை, ஏழு முதல் பத்து நாளில் கதை முடிந்தது. அதுவும் மிதமான நோய்க்கு அல்ல, முரட்டு நோய்க்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய்விட்ட நோய்க்கும். ஐந்து தவணை ‘ஒசத்தி’ என்று நிரூபிப்பது நோக்கமில்லை, ‘இளைத்ததில்லை’ என்று நிரூபித்தாலே போதும். பஸ் செலவு மிச்சமாவதே பெரிய வெற்றி.

அவசரப்பட்டுக் கொட்டிவிட முடியுமா என்று பயம் வரும். இதற்குப் பின்னால் ஒரு உயிரியல் ரகசியம் இருக்கிறது. பல புற்றணுக்கள் சிறு சிறு தவணைகளில் அடிபட்டாலும் நன்றாகச் சாகும், பக்கத்து நல்ல திசுக்கள் இடைவெளியில் தேறிக்கொள்ளும். புராஸ்டேட் புற்றணுவோ தலைகீழ்! சின்னச் சின்ன அடியை அது சமாளித்து ஆற்றிக்கொள்ளும். ஒரே தடவையில் பெரிய அடி விழுந்தால் பக்கத்து மலக்குடலைவிட அதற்குத்தான் சேதம் அதிகம். ஆகவே குறைந்த தவணை, பெரிய அளவு என்பது வசதிக்காக மட்டுமல்ல, கணக்கோடும் பொருந்துகிறது. ஆனால் பெரிய அடி என்றால் குறி இம்மியும் பிசகக் கூடாது. மொச்சைக்கொட்டை மறுபடி பிரச்சினையாகும் இடம் இது.

பிரிட்டனை மையமாக வைத்து நடந்த பேஸ்-பி சோதனையில், அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாத நோய் கொண்ட 874 பேர் சேர்ந்தார்கள். 2024இல் வந்த முடிவு: ஐந்து தவணை பெற்றவர்களில் ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 95.8 சதவீதம், வழக்கமான தவணைகள் பெற்றவர்களில் 94.6. இளைத்ததில்லை! ஆனால் மிதமான சிறுநீர்த் தொந்தரவு ஐந்து தவணைக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதல், 18.3க்கு 26.9 சதவீதம். அதைக் குறைக்க வழி உண்டா? லாஸ் ஏஞ்சலிஸில் மிராஜ் என்ற சோதனையில் 156 பேருக்கு, சி.டி.க்குப் பதில் எம்.ஆர்.ஐ. படத்தை நேரடியாகப் பார்த்தபடியே கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு நேரே சுரப்பி தெரிகிறபோது வெளிக் கோட்டை 4 மில்லிமீட்டரிலிருந்து 2க்கு உள்ளே தள்ள முடிந்தது. ஆரம்ப மாதங்களின் சிறுநீர்த் தொந்தரவு 43.4 சதவீதத்திலிருந்து 24.4க்கு இறங்கியது. இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு மவுசு!

நெதர்லாந்து, பெல்ஜியத்தில் நடந்த ஃபிளேம் சோதனைக்காரர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். சுரப்பி முழுவதுக்கும் வழக்கமான அளவு, எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரிகிற இடத்தில் மட்டும் 95 கிரேவரை கூடுதல். 571 பேர். ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 85 சதவீதத்திலிருந்து 92 ஆனார்கள். பையையும் குடலையும் காக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதில் கறாராக இருந்ததால், தொந்தரவு குறிப்பிடும்படி கூடவில்லை.

ராத்திரி நேரத்து நோயாளி

சாயங்காலம் கடைசி நோயாளி கிளம்பிய பிறகு அந்தப் படுக்கையில் இன்னொருவர் ஏறுவார். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, முனகல் கிடையாது. பிளாஸ்டிக் பலகைகளாலோ தண்ணீர்த் தொட்டியாலோ ஆன போலி உடல் அது. நாளைக்குப் பெரியவருக்குக் கொடுக்கப்போகும் அதே திட்டத்தை இன்று இதற்குக் கொடுத்து, உள்ளே பொருத்திய கருவியில் அளவு சரியாக விழுகிறதா என்று இயற்பியலாளர் பார்ப்பார். கணினி சொன்னதும் கருவி அளந்ததும் ஒத்துவந்தால்தான் திட்டம் தேறும். ஒத்துவரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போகும்: “சோறு எடுத்து வச்சுரு, நேரமாகும்.”

இந்த மருத்துவ இயற்பியலாளர்களின் முகத்தைப் பெரும்பாலான நோயாளிகள் பார்த்தே இருக்க மாட்டார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் சிறு அளவுமானிகளைத் தபாலில் அனுப்பி, அதில் கதிர் பாய்ச்சித் திருப்பி அனுப்பச் சொல்லி, ஊர் ஊராக இயந்திரங்களின் அளவைச் சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. இயந்திரத்துக்கே தபாலில் பரீட்சை!

ஊசிக்குள் ஏறிய குறி

நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டால் வெளியிலிருந்து எத்தனை கோணத்தில்தான் குறிபார்ப்பது? அப்போது மருந்தையே குறிபார்க்கச் சொல்லலாம். ஸ்கேனுக்குப் பயன்பட்ட அதே பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிப் போகும் மருந்தில், காலியத்துக்குப் பதில் லுட்டீசியம்-177ஐ ஏற்றினால், ஒட்டிய இடத்திலேயே மில்லிமீட்டர் தூரத்துக்குள் புற்றணுவைச் சுடும். அரை ஆயுள் ஏறத்தாழ ஆறே முக்கால் நாள். 831 பேர் பங்கேற்ற விஷன் சோதனையில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதமாக இருந்தது; இந்த ஊசியும் சேர்ந்தபோது 15.3 மாதமானது. 2021இல் முடிவு வெளிவந்தது, 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் நாட்டுக்கு இதில் ஒரு குஷியான விஷயம் உண்டு. டிராம்பேயில் இருக்கும் அணு உலையில் இந்த லுட்டீசியத்தை நாமே தயாரிக்கிறோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் லுட்டீசியத்தோடு, அதைவிட உக்கிரமான ஆக்டினியம்-225ஐயும் இந்த நோயில் பயன்படுத்தி முடிவுகளை எழுதியிருக்கிறார்கள்.

ஊசி போட்டவர் சில நாள் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும். பேரனைத் தூக்கக் கூடாது என்றதும் தாத்தாக்கள் காட்டும் முகத்தைப் பார்த்தால், மருந்தின் பக்கவிளைவுகளில் இதையும் சேர்த்து எழுதலாம் என்று தோன்றும்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசில்லை

‘சோதனை’ என்றாலே ‘நம்மை எலியாக்கிவிடுவார்கள்’ என்று பதறும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவரிடம் மதுரை அண்ணா நகர்ப் பக்கமாகக் கையைக் காட்டுங்கள். நெல் தாளோ கரும்புச் சோகையோ கண்ணில் பட்டு, பூஞ்சை தொற்றி, கருவிழி புண்ணாகி வரும் விவசாயிகளுக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று கேட்டு, அரவிந்த் கண் மருத்துவமனை பெரிய சோதனை ஒன்றை நடத்தியது. மதுரையில் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்றார், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் கூட்டாளிகள். புதிய மருந்தான வோரிகோனசோலும் பழைய நாட்டாமைசினும் மோதின. 368 பேரைச் சேர்ப்பது திட்டம். 323 பேர் ஆனதுமே பாதுகாப்புக் குழு போதும் என்று நிறுத்தச் சொன்னது. பழைய மருந்து பெற்றவர்களின் கண் தெளிவாக நன்றாக இருந்தது! 2013இல் முடிவு வெளியாகி, உலகம் முழுக்கக் கண் டாக்டர்கள் அதைப் படித்தார்கள். வயலில் கண் அடிபட்ட நம் ஆட்கள் எழுதிய பாடம் அது.

இன்னும் பின்னால் போனால் 1956. சென்னையில் காசநோய்க்கு ஒரு கேள்வி எழுந்தது: சானடோரியத்தில் ஒரு வருடம் படுக்க வைத்தால்தான் குணமாகுமா, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் ஆகாதா? 193 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். வீட்டில் சாப்பாடு சுமார், இடம் நெருக்கடி, ஆனாலும் குணமானது ஏறத்தாழ ஒரே அளவு. 1959இல் அந்த முடிவு வந்த பிறகு உலகில் காசநோய் வைத்தியமே ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது. ஐந்து தவணை போதுமா என்று கேட்கும் பிரைம் இந்த வம்சத்தில் வந்த கேள்விதான். நோயாளியின் நாள்களை எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதை ஊகத்தில் விடாமல், அளந்து பார்த்துச் சொல்லும் வம்சம்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு டாக்டர் சோதனையில் சேருகிறீர்களா என்று கேட்டால் ஓடவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு பிரிவுக்கும் என்னென்ன கிடைக்கும்? எது இலவசம், எதற்கு நாம் கட்ட வேண்டும்? பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? எத்தனை வருடம் வந்து காட்ட வேண்டும்? நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா? கடைசிக் கேள்விக்கு ‘தொடரும்’ என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம்.

நீங்களே மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஆசையா? நுழைவுச் சீட்டே வேண்டாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இலிருந்து இணையத்தில் திறந்து கிடக்கிறது. 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். என்ன கேள்வி, எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எதை வெற்றி என்று அளப்பார்கள் என்பது முழுக்க அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை உட்காரவைத்துத் தேடிப் பாருங்கள். அப்புறம் டாக்டர் அறைக்குப் போய்க் கேள்விமேல் கேள்வி கேட்டு அவரைக் கொஞ்சம் வியர்க்க வையுங்கள். நல்ல சோதனை அதற்கெல்லாம் அசராது!